ஐஇஎம் கேபிள் மாற்றுவது எப்படி: சாக்கெட்டிலிருந்து சோதனை வரை

கழற்றி மாட்டக்கூடிய கேபிள் உள்ள இன்-இயர் இயர்போன்களுக்கு, சுருக்கமாக ஐஇஎம்களுக்கு, புதுக் கேபிள் மாட்டுவது ஐந்து நிமிட வேலை. சிக்கலெல்லாம் அதற்கு முன்னால் வருவது. புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளியா செம்பா என்று உலோகத்தில் தொடங்குகிறார்கள். அடுத்து பின்னலின் அழகு, அப்புறம் பிளக். பார்சலைப் பிரித்த பிறகுதான் பின் உள்ளே போகவில்லை என்று தெரிகிறது.

இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் இயர்போனின் சாக்கெட், அடுத்து பாட்டு வரும் கருவியின் அவுட்புட், பிறகு மின்தடை, அதற்குப் பிறகு காதில் உட்காரும் விதம். உலோகமும் நிறமும் கடைசியில் போதும்.

1. கேபிள்தான் காரணமா என்று உறுதி செய்யுங்கள்

ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்கிறது என்றால் உடனே கேபிள் வாங்கக் கிளம்ப வேண்டாம். இடது கேபிள் முனையை வலது இயர்போனிலும், வலது முனையை இடதிலும் மாட்டிப் பாருங்கள் (கழற்றும் விதம் 7-ஆம் படியில்). கோளாறு அடுத்த காதுக்கு மாறினால் கேபிள் கெட்டிருக்கிறது. அதே இயர்போனிலேயே தங்கினால் சாக்கெட்டோ, ஒலியை உண்டாக்கும் பகுதியான டிரைவரோ பழுது. புதுக் கேபிள் அதைச் சரிசெய்யாது.

ஒரு பக்கம் மங்கலாக மட்டும் கேட்டால், காதுக்குள் போகும் குழாயின் முனையில் உள்ள வலையைப் பாருங்கள். அங்கே காது மெழுகு அடைத்திருப்பதுதான் மிகச் சாதாரணமான காரணம்.

கேபிளால் மாறக்கூடியவை நான்கு: மின்தடை, ஆடையில் உரசும்போது காதில் கேட்கும் சத்தம், காதில் உட்காரும் விதம், பிளக்கின் வகை. இந்த நான்கில் ஒன்று உங்களுக்குத் தேவைப்பட்டால் மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. பேஸ் (தாழ்ந்த ஒலி) போதவில்லை என்பது மட்டுமே குறை என்றால் முதலில் காதுக்குள் நுழையும் சிலிகான் டிப்பின் அளவை மாற்றிப் பாருங்கள். காது அடைபடாமல் சிறு இடைவெளி இருந்தால்கூட பேஸ் கசிந்துவிடும். அந்த இழப்பை எந்தக் கேபிளாலும் ஈடுகட்ட முடியாது.

2. கையருகே வைத்துக்கொள்ள வேண்டியவை

• மின் இணைப்பு அறுபடாமல் இருப்பதைப் பீப் ஒலியில் காட்டும் சாதாரண மல்ட்டிமீட்டர்
• நல்ல வெளிச்சம், முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடி. போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும்
• 90 சதவீதமோ அதற்கு மேலோ செறிவுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பல்லிடுக்குத் தூரிகை
• எம்எம்சிஎக்ஸ் வகைச் சாக்கெட் (விளக்கம் 3-ஆம் படியில்) என்றால், அதைக் கழற்றுவதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் கருவி
• பழைய கேபிள். இதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 8-ஆம் படியில் இதுதான் அளவுகோல்

மேசையில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். கழற்றும்போது கை நழுவி இயர்போன் தெறித்து விழுவது அடிக்கடி நடக்கிறது.

3. சாக்கெட் எந்த வகை

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. இங்கே தவறினால் பணம் வீணாவதோடு இயர்போனும் சேதமாகும்.

டூ-பின்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு துளைகள். இன்று பெரும்பாலும் 0.78 மி.மீ. பின்தான் வருகிறது. சில இயர்போன்களில் 0.75 மி.மீ. வித்தியாசம் 0.03 மி.மீ. என்பதால் கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேலில் அளக்கவும் முடியாது. 0.75 சாக்கெட்டில் 0.78 பின்னை அழுத்தினால் பெரும்பாலும் போய்விடும், ஆனால் உள்ளிருக்கும் தொடுமுனை விரிந்துவிடும். பிறகு பழைய கேபிளை மாட்டினால் தளர்ந்து ஆடும். அதனால் தயாரிப்பாளர் தரும் விவரத்தில் அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டூ-பின்னில் துளைகள் அமைந்திருக்கும் விதமும் முக்கியம். துளைகள் உடற்பரப்போடு சமமாக இருந்தால் தட்டையான முனையுள்ள கேபிள் போதும். துளைகள் ஒரு சிறு பள்ளத்துக்குள் இருந்தால் அந்தப் பள்ளத்தில் இறங்கும் அளவுக்கு முனை ஒல்லியாக இருக்க வேண்டும். தட்டையான முனை விளிம்பில் முட்டி நின்றுவிடும். பின்களில் பாதி மட்டும் உள்ளே போய் நாளடைவில் ஆட்டம் காணும். துளைகள் மேடான பகுதியில் இருந்தால், அந்த மேட்டின் மேல் மூடி போல் கவிழும் கியூடிசி வகை முனை வேண்டும். மேடான சாக்கெட்டில் தட்டையான முனை மின்சாரம் கடத்தும், ஆனால் தாங்கிப்பிடிக்க எதுவும் இல்லாததால் பின் வளையும்.

எம்எம்சிஎக்ஸ்: வட்டமான உலோக வளையம், நடுவில் ஒரு துளை. மாட்டும்போது 'கிளிக்' என்று விழும், மாட்டிய பிறகு சுழலும். எல்லா எம்எம்சிஎக்ஸும் ஒன்றல்ல. சென்ஹைசர் ஐஇ 300, ஐஇ 600, ஐஇ 900 ஆகியவற்றில் சாக்கெட் ஆழமாக உள்ளடங்கியிருக்கிறது. தடித்த முனையுள்ள பொதுக் கேபிள்கள் அங்கே எட்டாது. அந்த மாடலின் பெயரைக் குறிப்பிட்டு விற்கும் கேபிளையே வாங்க வேண்டும்.

மற்றவை: ஆடியோ-டெக்னிகாவின் ஏ2டிசி பார்வைக்கு எம்எம்சிஎக்ஸ் போலத் தெரியும், ஆனால் ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. பென்டாகான் இயர், ஐபிஎக்ஸ் ஆகியவையும் தனி வகைகள். வட்டமாக இருக்கிறதே என்று ஊகித்து அழுத்திப் பார்க்காதீர்கள்.

4. பிளக்: கருவியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

போன், லேப்டாப், போனில் செருகும் சிறு ஒலிக் கருவியான டோங்கிள் என்று நீங்கள் தினமும் கேட்கும் கருவியில் எந்தத் துளை இருக்கிறது என்று பாருங்கள். 3.5 மி.மீ.தான் மிகப் பரவலானது. 4.4 மி.மீ., 2.5 மி.மீ. இரண்டும், இடதும் வலதும் தனித்தனியாக இயங்கும் பேலன்ஸ்டு அவுட்புட்டுக்கானவை. 2.5 பிளக் மெல்லியது, பையில் மடங்கி உடையும். இன்று புதிதாக வாங்குகிறவர்களுக்கு 4.4தான் சரி.

அடாப்டர் எந்தத் திசையில் என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 4.4 கேபிளை அடாப்டர் மூலம் 3.5 அவுட்புட்டில் மாட்டலாம், ஆபத்தில்லை. 3.5 கேபிளை அடாப்டர் மூலம் பேலன்ஸ்டு அவுட்புட்டில் மாட்டக் கூடாது. 3.5 பிளக்கில் இடது, வலது இரண்டின் எதிர்முனைகளும் ஒன்றாக இணைந்திருக்கின்றன. பேலன்ஸ்டு ஆம்பில் (ஒலிச் சைகையைப் பெருக்கும் பகுதியில்) அவை இரண்டும் தனித்தனியாக இயங்கும் அவுட்புட்டுகள். இரண்டையும் இணைத்தால் ஆம்ப் ஷார்ட் ஆகி எரிந்துபோகவும் கூடும்.

பழைய கேபிளில் மைக் இருந்ததா? பெரும்பாலான பிரீமியம் கேபிள்களில் மைக்கும் பட்டனும் இருக்காது. போனில் பேச இயர்போனையே நம்பியிருப்பவர்கள் இதை வாங்கிய பிறகே கவனிக்கிறார்கள். டிஏசி (டிஜிட்டல் ஒலியை மின்சைகையாக மாற்றும் சில்லு) உள்ளே வைத்த டைப்-சி கேபிள்களும் கிடைக்கின்றன, 3.5 துளையே இல்லாத போனுக்கு அவை வசதி. ஆனால் அந்தச் சின்ன டிஏசி கெட்டால் கேபிள் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

5. மின்தடை: ஒலி மாறும் இடம் இதுதான்

1.2 மீட்டர் கேபிளில் மின்சாரம் போய்த் திரும்பும் தூரம் 2.4 மீட்டர். 28 கேஜ் செம்பில் இந்தப் பாதையின் மின்தடை சுமார் 0.51 ஓம், 26 கேஜில் 0.32, 24 கேஜில் 0.20. கேஜ் எண் குறையக் குறைய கம்பி தடிக்கும்.

இது எப்போது காதுக்குத் தெரியும்? பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர் டிரைவர்கள் (சிறு உலோக நாக்கு அதிரும் வகை; பேலன்ஸ்டு அவுட்புட்டோடு தொடர்பில்லை) கொண்ட இயர்போன்களில் மின்மறுப்பு, அதாவது ஒலிச் சைகைக்கு இயர்போன் காட்டும் தடை, எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாக இருக்காது. ஓரிடத்தில் 4 ஓம், இன்னோரிடத்தில் 30 ஓம் என்று ஏறி இறங்கும் இயர்போனை எடுத்துக்கொள்வோம். 1 ஓம் கேபிளில், 4 ஓம் இருக்கும் இடத்தில் ஒலி சுமார் 1.9 டெசிபல் குறையும். 30 ஓம் இருக்கும் இடத்தில் 0.3 டெசிபல்தான் குறையும். ஆக, இரண்டுக்கும் இடையே 1.6 டெசிபல் சாய்வு வந்துவிடுகிறது. கவனித்துக் கேட்பவருக்கு இது தெரியும். அதே இயர்போனில் 0.2 ஓம் கேபிள் போட்டால் சாய்வு 0.4 டெசிபலுக்குள் அடங்கிவிடும்.

32 ஓம் அளவில் சீராக இருக்கும் ஒற்றை டைனமிக் டிரைவர் (காந்தமும் சுருளும் சவ்வை அதிரவைக்கும் வகை) என்றால் கதை வேறு. 1 ஓம் கேபிளிலேயே எல்லா அதிர்வெண்ணும் ஒரே மாதிரி 0.27 டெசிபல் குறையும், அவ்வளவுதான். வால்யூமைத் துளி ஏற்றினால் சரியாகிவிடும். இத்தகைய இயர்போனுக்கு வசதிக்காகவும் உறுதிக்காகவும் கேபிள் மாற்றுங்கள், ஒலிக்காக அல்ல.

இப்போது உலோகத்துக்கு வருவோம். வெள்ளியின் மின்தடை செம்பைவிட சுமார் 6 சதவீதம்தான் குறைவு. 0.32 ஓம் இருந்த இடத்தில் 0.30 ஓம். 28 கேஜிலிருந்து 26 கேஜுக்குப் போனாலே 37 சதவீதம் குறைகிறது. ஆகவே வெள்ளிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைத் தடிமனுக்கோ நல்ல முனைக்கோ கொடுப்பது மேல். 6என், 7என் என்று போடும் தூய்மைக் கணக்கும் இப்படித்தான்: 6என் என்றால் 99.9999 சதவீதம், சாதாரண ஆக்சிஜன் நீக்கிய செம்புக்கும் அதற்கும் உள்ள மின்தடை வித்தியாசம் 1.2 மீட்டரில் பொருட்படுத்தத் தக்கதல்ல.

விற்பவர்கள் சொல்ல மறக்கும் ஒன்றையும் கேளுங்கள்: உள்ளே எத்தனை தனி இழைக்கட்டுகள்? மலிவான 3.5 கேபிள்கள் சிலவற்றில் மூன்றுதான் இருக்கும். இடதும் வலதும் ஒரே திரும்பு பாதையைப் பகிர்ந்துகொள்ளும். அந்தப் பாதை 0.25 ஓம் என்றால் 16 ஓம் இயர்போனில் ஒரு பக்க ஒலி சுமார் 36 டெசிபல் குறைந்த அளவில் மறுபக்கம் கசியும். நான்கு இழைக்கட்டுள்ள கேபிளில் இடதும் வலதும் பிளக் வரை தனித்தனியாக வருவதால் கசிவு மிகவும் குறையும். எட்டு, பதினாறு என்று போவது அதே வேலையைத் தடித்த கம்பியில் செய்வதுதான். கூடவே எடையும் ஏறும்.

6. காதில் உட்காருமா

நாள் முழுக்கக் கேட்பவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது. கனமான கேபிள் நடக்கும்போது இயர்போனைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். காதின் அடைப்பு தளரும், பேஸ் போகும். 'புதுக் கேபிளில் பேஸ் குறைந்துவிட்டது' என்று வரும் புகார்களில் இந்தக் காரணத்தை முதலில் பாருங்கள்.

காதுக்கு மேல் வளையும் பகுதியில் இரண்டு வகை: உள்ளே கம்பி வைத்து நாமே வளைப்பது, வெப்பத்தால் வடிவம் கொடுத்த பிளாஸ்டிக் உறை. கண்ணாடி அணிபவர்களுக்கு இரண்டாவதுதான் வசதி; மெல்லியது, உறுத்தாது. வளைவு உங்கள் காதுக்குச் சரியில்லை என்றால் ஹேர் டிரையரால் சில விநாடிகள் லேசாகச் சூடாக்கி, பேனாவில் சுற்றி, ஆறும்வரை பிடியுங்கள். இதை இயர்போனில் மாட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள், டிரைவருக்கு வெப்பம் ஆகாது.

துணி உறை போட்ட கேபிள் அழகாக இருக்கும், ஆனால் சட்டையில் உரசும் சத்தம் அதிகம். இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேலே தாடையை ஒட்டி ஏற்றிவிடும் சிறு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அதை ஏற்றிவிட்டால் உரசல் பெருமளவு அடங்கும்.

7. பழைய கேபிளைக் கழற்றுதல்

டூ-பின்: ஒரு கையால் இயர்போனின் உடலை, மறு கையால் முனையின் பிளாஸ்டிக் பகுதியைப் பிடியுங்கள். பின்கள் இருக்கும் திசையிலேயே நேராக இழுங்கள். முறுக்கக் கூடாது, ஆட்டிக்கொண்டே இழுக்கவும் கூடாது. கேபிளைப் பிடித்து இழுத்தால் உள்ளே உள்ள பற்றவைப்பு விட்டுப்போகும்.

எம்எம்சிஎக்ஸ்: இயர்போனுக்கும் முனைக்கும் நடுவில் மயிரிழை அளவு ஒரு கோடு தெரியும். இரண்டு கட்டைவிரல் நகங்களையும் எதிரெதிராக அந்தக் கோட்டில் நுழைத்து, பிரிப்பது போல் தள்ளுங்கள். நகம் நுழையவில்லை என்றால் கழற்றும் கருவியின் பிளவில் முனையை வைத்து அழுத்துங்கள். பக்கவாட்டில் நெம்பினால் இயர்போனுக்குள் ஒட்டியிருக்கும் சாக்கெட்டே பெயர்ந்து வந்துவிடும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம்.

கழற்றியதும் சாக்கெட்டைப் பாருங்கள். பச்சையாகவோ கருமையாகவோ படிந்திருந்தால் தூரிகையை ஆல்கஹாலில் நனைத்து, உதறி, ஈரம் மட்டும் இருக்கும்படி துடையுங்கள். பத்து நிமிடம் உலரவிடுங்கள். சொட்டும் அளவுக்கு நனைத்தால் ஆல்கஹால் டிரைவர் வரை போய்விடும்.

8. மாட்டும் முன் மீட்டரில் பாருங்கள்

புதுக் கேபிளை இயர்போனில் மாட்டாமல் தனியாகச் சோதியுங்கள். முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைப் பின்னர் கழித்துக்கொள்ளுங்கள். மீட்டர் ஒயருக்கே 0.1 முதல் 0.3 ஓம் வரை இருக்கும்; அதைக் கழிக்காமல் நல்ல கேபிளை மோசம் என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

3.5 பிளக்கில் நுனி இடது நேர்முனை, அடுத்த வளையம் வலது நேர்முனை, அடிப்பகுதி இரண்டுக்கும் எதிர்முனை. 4.4 பிளக்கில் நுனியிலிருந்து வரிசையாக இடது நேர், இடது எதிர், வலது நேர், வலது எதிர். கடைசி அடிப்பகுதி கிரவுண்டு, பெரும்பாலான கேபிள்களில் அது இணைக்கப்பட்டிருக்காது. எம்எம்சிஎக்ஸ் முனையில் நடுப் பின் நேர், வெளி வளையம் எதிர்.

இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, இடதும் வலதும் ஏறக்குறைய ஒரே மின்தடை காட்டுகின்றனவா. இரண்டு, பீப் ஒலிக்கும்போதே பிளக்கின் கழுத்து, பிரியும் இடம், காது முனை ஆகிய மூன்று இடங்களையும் மெல்ல வளைத்தால் பீப் அறுபடுகிறதா. அறுபட்டால் பற்றவைப்பு சரியில்லை. மாட்டாமலே திருப்பி அனுப்புங்கள்.

டூ-பின் கேபிளுக்கு இன்னொரு சோதனை உண்டு. பழைய கேபிளின் இடது முனையை, காது வளைவு உங்கள் பக்கம் திரும்பியிருக்கும்படி பிடித்து, பிளக்கின் இடது நேர்முனையோடு பீப் அடிக்கும் பின் எது என்று பாருங்கள். புதுக் கேபிளிலும் அதே நிலையில் அதே பின் பீப் அடிக்க வேண்டும். வலதுக்கும் இப்படியே. குறிப்பாக மூடி போல் கவிழும் கியூடிசி வகை முனைகளில், எந்தப் பக்கம் நேர்முனை என்பதில் எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே வழியில் போவதில்லை.

9. மாட்டுதல்

டூ-பின் முனையைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பின்னும் இரண்டு துளையின் வாயில் அமர்ந்ததைப் பார்த்த பிறகே கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். சாய்ந்து போனால் ஒரு பின் இறங்கி மற்றது வளையும். வளைந்தால் தட்டை முனை இடுக்கியால் ஒரே தடவை நேராக்கலாம். மறுபடி மறுபடி வளைத்தால் பின் முறிந்து துளைக்குள்ளேயே தங்கிவிடும், அதை எடுப்பது பெரும்பாடு. கொஞ்சம் இறுக்கம் இருக்க வேண்டும். முழுப் பலமும் தேவைப்பட்டால் நிறுத்தி, 3-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

எம்எம்சிஎக்ஸை நேராக வைத்து 'கிளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள். சத்தம் வராமல் உள்ளே போனது போல் தெரிந்தால் சரியாக அமரவில்லை. அழுத்தும்போது இயர்போனின் உடலைப் பிடியுங்கள், காதுக்குள் போகும் குழாயை அல்ல.

பிளக்கைக் கருவியில் செருகும் முன் வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். பேலன்ஸ்டு அவுட்புட்டில் மின்னழுத்தம் இரு மடங்கு வரை வரலாம். அதாவது அதே வால்யூம் எண்ணில் 6 டெசிபல் வரை கூடுதல் சத்தம்.

10. முதல் ஐந்து நிமிடம்

இடது வலது சோதனை ஒலியைப் போட்டுப் பக்கம் சரியா என்று பாருங்கள். அடுத்து, கருவியில் மோனோவை (இரு காதிலும் ஒரே ஒலி வரும் அமைப்பை) இயக்கி ஒரு குரலைக் கேளுங்கள். குரல் தலையின் நடுவில் நிற்க வேண்டும். குரல் எங்கே இருக்கிறது என்றே பிடிபடாமல் பரவி, பேஸும் மெலிந்திருந்தால் ஒரு பக்கத்தில் நேரும் எதிரும் மாறியிருக்கிறது. குரல் நடுவில் நின்று பேஸ் மட்டும் குறைந்திருந்தால் அது டிப்பின் அடைப்புப் பிரச்சினை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகச் சகஜம்.

மாறியிருந்தால் அந்தப் பக்கப் பின்னை 180 டிகிரி திருப்பி மாட்டலாமே என்று தோன்றும். திருப்பினால் காது வளைவும் எதிர்த்திசைக்குப் போய்விடும். கம்பி வைத்த வகை என்றால் மறுபடி வளைத்துக்கொள்ளலாம், பிளாஸ்டிக் உறை என்றால் கேபிளைத் திருப்பி அனுப்புவதே வழி.

பிறகு தலையை இருபுறமும் அசையுங்கள், எம்எம்சிஎக்ஸ் என்றால் முனையை மெல்லச் சுழற்றுங்கள். கரகரப்போ விட்டுவிட்டோ கேட்டால் தொடுமுனையைத் துடைத்து ஒரு தடவை மீண்டும் மாட்டுங்கள். அப்படியும் தொடர்ந்தால் முனை தளர்வு.

11. பழையதோடு ஒப்பிடும்போது

பழைய கேபிளை 3.5 அவுட்புட்டிலும், புதியதை 4.4 அவுட்புட்டிலும் கேட்டு 'என்ன வித்தியாசம்!' என்று வியந்தால், நீங்கள் கேட்டது பெரும்பாலும் ஆம்பின் சத்த வித்தியாசம். ஒரு டெசிபல் கூடினாலே ஒலி தெளிவானது போல் தோன்றும். 4.4 கேபிளை அடாப்டர் போட்டு அதே 3.5 அவுட்புட்டில் கேளுங்கள். அப்போதுதான் கேபிளை ஒப்பிடுகிறீர்கள்.

அதே டிப்பை, அதே ஆழத்தில் செருகுங்கள். இரண்டு மில்லிமீட்டர் ஆழ வித்தியாசம்கூட உயர் அதிர்வெண் ஒலியை மாற்றிவிடும். வித்தியாசம் கேட்கவில்லை என்றால் உங்கள் காதில் குறை எதுவும் இல்லை. டைனமிக் டிரைவரில் கணக்கே அப்படித்தான் வருகிறது. நூறு மணி நேரம் ஓடவிட்டால் கேபிள் 'பழகும்' என்று காத்திருக்கவும் வேண்டாம். பேஸை 3 டெசிபல் கூட்ட வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், கருவியில் அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் அதை ஒரு நிமிடத்தில் செய்யும்.

12. மாட்டிய பிறகு

கேட்டு முடித்ததும் காது வளைவையும் முனைகளையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வையும் எண்ணெயும்தான் உறையை விறைப்பாக்குகின்றன. ஒளிபுகும் உறைக்குள் செம்பு பச்சை நிறமாவதைக் கண்டு பயப்பட வேண்டாம்; அது மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம், முனைகளுக்குப் பரவாதவரை ஒலியைத் தொடாது.

நான்கு விரலில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். கருவியைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் பிளக்கின் கழுத்தில்தான் முதலில் முறியும். தினமும் கழற்றி மாட்டும் பழக்கமும் வேண்டாம், எம்எம்சிஎக்ஸுக்கு அது ஆயுளைக் குறைக்கும் வேலை.

பழைய கேபிளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பக்கம் நின்றுபோனால், கெட்டது கேபிளா இயர்போனா என்று கண்டுபிடிக்க அதை எடுத்து மாட்டினால் போதும்.